இரண்டாவது டீ

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். ஏரியில் படகு, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில், நேரம் மிஞ்சினால் கரடியூர்க் காட்சிமுனை. காலையில் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வந்தால் இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இது போதும், பேச்சுத்துணை வண்டிக்குள்ளேயே இருக்கிறது. தனியாக வருகிறவருக்குத்தான் இந்தப் பட்டியல் கைகொடுப்பதில்லை. அவர் அன்று முழுவதும் பேசியது நுழைவுச்சீட்டுக் கொடுத்தவரிடமும், ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போட்டவரிடமும் மட்டுமாக இருக்கும். இந்த ஊர்க்காரர்கள் யாரோடும் ஒட்டமாட்டார்கள் என்று அவர் முடிவுகட்டுவது நியாயமில்லை. ஏழு இடங்களிலும் தலா அரைமணி நேரம் நின்றவரோடு யார்தான் ஒட்ட முடியும்? புதிய ஊரில் மனிதர்களின் சிநேகம் கிடைப்பதற்குப் பேச்சுத்திறமை வேண்டும், முகராசி வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார்கள். அவற்றைவிட எளிய ஒன்று போதும் என்பதே என் வாதம்: ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே வேளையில், இரண்டாவது முறை தென்பட வேண்டும். கீழே சொல்லும் வழிமுறைகள் எல்லாம் அந்த இரண்டாவது முறைக்கு இடம் உண்டாக்கும் வழிகள்தான்.

இதற்கு ஆதாரம் உண்டா? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மோர்லேண்ட், ஸ்காட் பீச் என்ற இருவர் செய்த சோதனை 1992-இல் வெளியானது. ஏறக்குறைய ஒரே மாதிரித் தோற்றமுள்ள நான்கு பெண்களை ஒரு வகுப்புக்கென்று தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் ஒரு நாளும் போகவில்லை. மற்றவர்கள் 5, 10, 15 முறை போனார்கள். போனவர்களும் மாணவர்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை, வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போனதோடு சரி. பருவத்தின் முடிவில் நால்வரின் படங்களையும் காட்டிக் கேட்டபோது, அதிக முறை வந்தவரையே மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. வகுப்பறை வேறு, மலைக்கிராமம் வேறு என்று மறுக்கலாம். வேறுதான். ஆனால் அந்த வேறுபாடு என் பக்கமே சாய்கிறது. நூற்றுக்கணக்கான மாணவர் கூடும் வகுப்பில் ஒரு முகம் காணாமல் போய்விடும். கரடியூர் போன்ற சின்ன ஊரில் புதுமுகம் ஒன்று வந்தால் பேருந்து நின்ற இடத்திலேயே கவனித்துவிடுவார்கள். அங்கே 15 முறை தேவையில்லை, மறுநாள் காலை மறுபடி வந்து நின்றாலே போதும்.

மலையில் இந்த மறுபடி வருதலுக்குக் கூடுதல் பொருள் இருப்பதற்கு வரலாறும் காரணம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடிகள் தங்களை மலையாளி என்று சொல்லிக்கொள்வார்கள். மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர் அது, கேரளத்தோடு தொடர்பில்லை. பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது வழிவழிக் கதை. (இவர்களிடம் போய் "கேரளாவில் எந்த ஊர்?" என்று கேட்பது வெளியூர்க்காரர் செய்யும் முதல் தவறு.) சாமையும் ராகியும் விளைந்த இந்த மலைக்கு 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். பிறகு எஸ்டேட்டுகள் வந்தன. 1882-இல் சென்னை மாகாண வனச்சட்டம் வந்தது. அதன்பின் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டினார்கள். இப்போது ரிசார்ட்டும் வில்லாவும். ஒவ்வொரு முறையும் கீழேயிருந்து வந்தவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த நிலம் யாருடையது, என்ன விலை? ஆகவே தனியாக, கேமராவோடு, சுற்றும்முற்றும் பார்த்தபடி ஒருவர் நடந்துவந்தால் ஊர் தள்ளி நிற்பதில் வியப்பில்லை. அது சிநேகமின்மை அல்ல, பட்டறிவு. மறுநாளும் வந்து, நிலத்தைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்காமல், டீயைக் குடித்துவிட்டு நடந்துபோகிறவர் தான் எதற்கு வரவில்லை என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறார்.

எனவே தொடங்க வேண்டிய இடம் நாட்காட்டி. சனி, ஞாயிறும், மே மாதக் கோடை விழாவும் வேண்டாம். அந்த நாட்களில் ஏற்காட்டுக்காரர்கள் வருமானம் தேடிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்துக்கு நடுவே நின்று பேச்சுக் கொடுப்பது அவர்கள் பிழைப்பைக் கெடுப்பதுதான். திங்கள் மாலை ஏறி வியாழன் மாலை இறங்கினால் மூன்று இரவுகள், மூன்று காலைப்பொழுதுகள் கிடைக்கும். அந்த மூன்று காலைகளையும் ஒரே திசைக்குக் கொடுக்க வேண்டும். ஏற்காடு டவுனில் அறை எடுத்துக்கொண்டு, கரடியூர்ப் பக்கம் மட்டும் மூன்று நாளும் போய்வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களை விட்டுவிட வேண்டுமா என்று மனம் பதறும். மத்தியான வேளைகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பட்டியலை ஒதுக்கலாம். விடுப்பு ஒரு நாள்தான் என்பவருக்கும் வழி உண்டு: காலை 8 மணிக்குப் போன கடைக்கே மாலை 4 மணிக்கும் போக வேண்டும். "காலையிலயும் வந்தீங்கல்ல?" என்று கடைக்காரர் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது வாகனம். வாடகைக் காரும் சொந்த பைக்கும் தனியாள் பயணத்தின் எதிரிகள் என்றே சொல்வேன். வசதியானவைதான், ஆனால் மனிதரைக் கண்ணாடிக்கு அப்பால் வைத்துவிடும். ஏற்காட்டிலிருந்து மலைக்கிராமங்களுக்கு அரசுப் பேருந்துகள் போகின்றன, ஆனால் அடிக்கடி இல்லை. அந்தக் குறைதான் நமக்கு அனுகூலம். பேருந்து எப்போது வரும் என்று கேட்காமல் அங்கே காத்திருக்க முடியாது, கேட்டால் பதில் ஒரு வாக்கியத்தோடு நிற்பதும் இல்லை. எந்த வண்டி இன்று வரவில்லை, திரும்புவதற்குக் கடைசி வண்டி எது, அது போய்விட்டால் யாருடைய ஜீப் கிடைக்கும் என்று மூன்று பேர் சேர்ந்து சொல்வார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுப்பது அவருக்குத் தொந்தரவாகாதா என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. சிகாகோவில் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் ரயிலிலும் பேருந்திலும் போகிறவர்களைக் கொண்டு சோதித்து 2014-இல் வெளியிட்ட முடிவு இந்தத் தயக்கத்தைப் பற்றியதுதான். முன்பின் தெரியாதவரோடு பேசினால் பயணம் சுகப்படாது என்றே மக்கள் எதிர்பார்த்தார்கள். பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களோ, தனியே உட்கார்ந்து வந்தவர்களைவிட நல்ல பயணம் என்று சொன்னார்கள். நம் ஊர்ப் பேருந்துகளில் இதற்குச் சோதனையே வேண்டியதில்லை என்று சொல்லியிருப்பேன், பத்தாண்டுகளுக்கு முன்பு. இப்போது இங்கும் காதில் இயர்போன் ஏறிவிட்டது. அதைக் கழற்றிப் பையில் போடுவதும் வழிமுறையில் ஒன்று.

பேருந்திலிருந்து இறங்கியதும் காட்சிமுனைக்கு ஓடாமல் ஒரு டீக்கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வுக்கு ஒரு குறிப்பு: சுற்றுலாக்காரர் கூடும் கடையை விட்டு, வேலைக்குப் போகிறவர்கள் நிற்கும் கடையைப் பாருங்கள். டம்ளரில் டீ தந்து, வாசலில் பெஞ்சு போட்டிருந்தால் அதுதான் இடம். வாங்கிக்கொண்டு வெளியே போய்விடாமல் பெஞ்சில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். முதல் நாள் அவ்வளவுதான். ஊரில் உள்ளவர்களையெல்லாம் முதல் டீயிலேயே பேட்டி எடுக்க முயல்வதுதான் ஆர்வமுள்ள பயணி செய்கிற பெரிய பிழை. கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் கனடாவில் ஒரு காப்பிக் கடை வாசலில் செய்த ஆய்வு இங்கே உதவும். விறுவிறுவென்று வாங்கிக்கொண்டு போனவர்களைவிட, கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனவர்களுக்கு, இந்த இடத்துக்கு நாமும் உரியவர் என்ற உணர்வு கூடுதலாக இருந்தது. இரண்டு வார்த்தை என்பதுதான் அளவு. மறுநாள் அதே பெஞ்சில் இரண்டாவது டீ குடிக்கும்போது, பேச்சை நாம் தொடங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

பேச்சு தொடங்கியதும் என்ன சொல்வது? இதற்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான வழிகாட்டியே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், பரிசில் தேடிப் போகும் கூத்தருக்கு மலைவழி சொல்லும் ஆற்றுப்படை. பெருங்கௌசிகனார் பாடியது. அதில் வரும் நவிரமலை, சேலத்துக்கு வடகிழக்கே செங்கம் பக்கத்து மலை. இரவில் எந்தப் பாதையில் நடக்கக் கூடாது, எங்கே வழுக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது என்றெல்லாம் சொல்லிவரும் புலவர், மலைக்குடிகளின் ஊருக்குப் போனதும் செய்ய வேண்டியதையும் சொல்கிறார்: நாங்கள் இன்னாரிடம் போகும் கூத்தர் என்று சொல்லுங்கள், பிறகு உங்கள் வீட்டுக்குள் போவதுபோலத் தயங்காமல் போகலாம். வரிசையைக் கவனியுங்கள். யார், எங்கே போகிறேன் என்பது முதலில், வீடு பிறகு. நம் காலத்துக் கையேடுகள் 'அவர்களைப் பற்றிக் கேளுங்கள்' என்று தொடங்குகின்றன. மலையில் அது தலைகீழ் முறை. தன்னைப் பற்றிச் சொல்லாமல் கேள்வி கேட்கிறவர் அதிகாரியாகவோ தரகராகவோதான் தெரிவார். "சேலத்துல இருந்து வர்றேங்க, ஸ்கூல்ல வாத்தியாரு. மூணு நாள் லீவு, நடக்கலாம்னு வந்தேன்" என்பதுபோல ஊர், தொழில், வந்த காரணம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது. அண்ணா, அக்கா, அம்மா, ஐயா என்று வயதுக்கேற்ற விளியும், வாக்கியக் கடைசியில் ஒரு 'ங்க'வும் சேலத்து மண்ணில் தானாகவே வர வேண்டியவை. கூலிக்காரரானாலும் வயதில் இளையவரானாலும் ஒருமையில் அழைக்கக் கூடாது. அவர்கள் திருப்பிக் கேட்பதும் வரும்: தனியாவா வந்தீங்க, கல்யாணம் ஆயிடுச்சா, எத்தனை பிள்ளைங்க? இவற்றை அத்துமீறலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, புது ஆளைத் தமக்குத் தெரிந்த உலகில் எங்கே வைப்பது என்று பார்க்கிறார்கள். சாதியை விசாரிப்பது மட்டும் வேறு. அதற்குச் சிரித்துக்கொண்டே ஊர்ப்பெயரை மறுபடி சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடலாம், பொய் சொல்லவும் வேண்டாம், பதில் சொல்லவும் வேண்டாம்.

அதன்பிறகுதான் நாம் கேட்கும் முறை. எதைக் கேட்பது என்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு. எதிரில் இருப்பவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்த, அவருக்குச் சொல்வதில் எந்த நட்டமும் இல்லாத விஷயமாக இருக்க வேண்டும். சேர்வராயன் மலையில் அப்படிப்பட்ட விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை, காப்பி ஒன்றே மூன்று நாளுக்குக் காணும். கோடை மழை ஒன்று விழுந்ததும் செடியெல்லாம் வெள்ளைவெளேரென்று பூத்து மல்லிகைபோல மணக்கும். நவம்பர் தொடங்கிப் பழம் சிவக்கும். ஒரே கொத்தில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுப்பதில்லை என்பதால் அதே செடிக்குப் பல முறை வர வேண்டியிருக்கும். பறித்ததைத் தோல் நீக்கிக் கழுவிக் காயப்போடுவது ஒரு வழி, பழத்தோடு காயவைத்துச் செர்ரியாக விற்பது இன்னொரு வழி. எந்த வழி ஏன், களத்தில் காயும்போது மழை வந்தால் என்ன ஆகும், சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியை எப்போது பறிப்பார்கள், காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டால், நாற்பது வருடம் அதே வேலையைச் செய்தவர் உங்களுக்கு ஆசிரியராகிவிடுவார். கேள்வி உண்மையானதாக இருக்க இரண்டு இடங்களுக்கு முன்பே போய்வரலாம்: 1963-இல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் தோட்டம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். இரண்டும் ஏற்காட்டிலேயே உள்ளன. ஒன்றும் தெரியாதவர் கேட்கும் கேள்வி ஐந்து நிமிடத்தில் வற்றிவிடும், கொஞ்சம் தெரிந்தவர் கேட்பது அடுத்த நாளுக்கும் நீளும். நிலவிலை, கூலி, வனத்துறையோடு வழக்கு ஆகிய மூன்றையும் நாமாக எடுக்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ளலாம். எஸ்டேட் வேலிக்குள் கேட்காமல் நுழைவதும், பழம் பறிக்கிற நேரத்தில் ஆளை நிறுத்தி வைத்துப் பேசுவதும் கூடாது. பறிப்பு வேலைக்கு எடைக்கூலி தருகிற தோட்டத்தில் நமது பத்து நிமிடம் அவர் பைப் பணம்.

இங்கே கடுமையான ஒரு மறுப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். விடுமுறையில் வந்த நகரத்துக்காரர், தினக்கூலிக்குப் போகும் ஒருவரோடு மூன்று நாள் 'சிநேகம்' கொள்வது, மனிதரையே காட்சிமுனையாக்கும் வேலை இல்லையா? வசதியும் அதிகாரமும் ஒரு பக்கமே இருக்கும்போது மற்றவரின் புன்னகையை நட்பு என்று நம்புவது ஏமாளித்தனம் இல்லையா? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது, அதனால்தான் நடத்தையில் சில கட்டுப்பாடுகள் வேண்டும். அனுமதி கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு மிட்டாயும் காசும் கொடுத்துப் பழக்கக் கூடாது. பெற்ற உதவிக்கு, ஜீப்புக்கோ வழிகாட்டலுக்கோ, பேரம் பேசாமல் பணம் கொடுக்க வேண்டும். அன்பாகக் கொடுத்த டீக்கோ ஒரு கைப்பிடி மிளகுக்கோ நோட்டை நீட்டக் கூடாது. வீட்டுக்குக் கூப்பிட்டால், தண்ணீரோ டீயோ கொடுத்ததைக் குடிக்க வேண்டும். பழங்குடி வீட்டில் கொடுத்ததை வேண்டாம் என்று தள்ளுவதை வேறு விதமாகவும் புரிந்துகொள்வார்கள், புரிந்துகொள்ள அவர்களுக்குக் காரணமும் உண்டு. இவ்வளவையும் கடைப்பிடித்தாலும் ஏற்றத்தாழ்வு மறையாது. ஆனால் பேசாமல் கடந்துபோவதால் அது குறைவதும் இல்லை. பட்டியலோடு வந்து போகிறவர் அதே மனிதர்களின் உழைப்பைத்தான் காப்பியாகக் குடிக்கிறார், அவர்கள் முகத்தைப் பார்க்காமல்.

இன்னொரு கேள்வி பாதுகாப்பைப் பற்றியது. தனியாகப் போகும் பெண்ணுக்கு இது வெறும் மறுப்பு அல்ல, முதல் கணக்கு. அந்நியரோடு பழகு என்பதும் எச்சரிக்கையாக இரு என்பதும் ஒன்றுக்கொன்று முரண் என்று நினைக்கிறோம். இரண்டாவது முறை என்ற விதி இரண்டுக்கும் பொருந்தும். அதே கடைக்காரருக்கும் அதே பேருந்து நடத்துநருக்கும் உங்களைத் தெரிந்திருந்தால், மாலையில் நீங்கள் திரும்பவில்லை என்பதைக் கவனிக்க அந்த ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெண் பயணி பேச்சைத் தொடங்குவதற்கு டீக்கடையைவிடத் தண்ணீர்க் குழாயடியும், அங்கன்வாடி வாசலும், ரேஷன் கடை வரிசையும், நூறு நாள் வேலை நடக்கும் இடமும் பொருத்தமானவை. பெண்கள் கூடியிருக்கும் இடங்கள் அவை. ஒரு வீட்டு அக்காவோடு பழகிவிட்டால் அந்தத் தெருவே பழகிவிடும். ஆண்கள் மட்டும் இருக்கும் ஜீப்பில் ஏறுவது, பொழுது சாயும் நேரத்தில் காட்சிமுனையில் தனியே நிற்பது, முதல் சந்திப்பிலேயே தங்கும் விடுதியின் பெயரைச் சொல்வது ஆகியவற்றை ஆணோ பெண்ணோ தவிர்க்கலாம். காட்சிமுனைகளில் மாலையில் குடித்துவிட்டு நிற்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருட்டிய பிறகு நடக்காமல் இருப்பதற்கு மனிதரைவிடக் காட்டுமாடு பெரிய காரணம். கரடியூர் என்ற பெயரும் சும்மா வந்திருக்காது. மழைக்காலத்தில் போவதானால் பாதை நிலவரத்தைச் சேலத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை மலைப்பாதையைச் சரித்துப் போக்குவரத்தை நிறுத்தியது.

கூச்ச சுபாவம் உள்ளவர் இதெல்லாம் நமக்கு ஆகாது என்று ஒதுங்க வேண்டாம். உண்மையில் இந்த முறை அவருக்கே அதிகம் ஏற்றது, ஏனென்றால் இதில் பேச்சைவிட இருப்புக்கே வேலை. எரிகா பூத்பியும் கூட்டாளிகளும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, புதிதாகச் சந்தித்துப் பேசியவர்கள் தம்மை எதிராளிக்கு எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று காட்டியது. சொதப்பிவிட்டோம் என்று நினைத்து மறுநாள் கடையை மாற்றிக்கொள்கிறவர், கிடைத்ததைக் கைநழுவ விடுகிறார். ஒருவேளை மூன்று நாளும் யாரும் பேசாமலே போகலாம். அதுவும் நடக்கக்கூடியதுதான். அப்போதும் அந்தப் பெஞ்சிலிருந்து ஊர் எழுந்து வேலைக்குப் போவதைப் பார்த்திருப்பார், லேடீஸ் சீட்டிலிருந்து அது தெரியாது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கடைசி நாள் டீக்கடைக்குப் போய், இன்று இறங்குகிறேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் போகிறவர் கணக்கை முடித்துவிட்டுப் போனவர் ஆகிறார். போன் நம்பரை வாங்குவதைவிட, அனுமதியோடு எடுத்த படத்தை அச்சிட்டுக் கொண்டுவருவதாகச் சொல்லி, அந்த வார்த்தையைக் காப்பது நல்லது. போனில் வரும் படம் ஆயிரத்தில் ஒன்றாகப் புதைந்துவிடும், அச்சுப் படம் சுவரில் ஏறும். எப்போது வருவது என்பதற்கான பதில் அந்த மூன்று நாள் பேச்சிலேயே இருக்கும். ஜூலையில் போனவரிடம் "பழம் எடுக்கிறப்போ வந்து பாருங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். டிசம்பரில், வாரநாளில், அதே பேருந்தில், படங்களை மடங்காமல் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப்போங்கள்.